கோழிக்குஞ்சு தூங்கும் நேரம்

ஒவ்வொரு லாரி நடைக்கும் புறப்படும் முன் என் வீட்டுக்காரரைக் குனியச் சொல்லி, அவர் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பேன். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். லாரி ஓட்டுகிறவரின் பெண்டாட்டிக்குப் பார்க்க வேண்டியது வேறு என்ன இருக்கிறது? டயரை அவர் பார்ப்பார், ஆயிலை கிளீனர் பார்ப்பான், கண்ணை நான் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் சிரித்துக்கொண்டே அனுப்பி வைப்பேன். சிவந்திருந்தால் அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லை ஒட்டிய ஒரு சிற்றூரில், எங்கள் பங்குக்கு வந்த மேட்டுக்காட்டின் ஓரத்தில் வீடு கட்டியிருந்தோம். அந்தக் காட்டில் கொஞ்சம் சோளம், கொஞ்சம் நிலக்கடலை விளைந்தது. கிணறு வற்றிய பிறகு அதுவும் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் அப்படித்தான் ஏரை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். இவரும் பிடித்தார். ஒரு நடை போனால் பம்பாய், கல்கத்தா என்று நாள்கணக்கில் ஆகும். திரும்பி வந்தால் ஒரு பகல், மிஞ்சிப்போனால் இரண்டு பகல் வீட்டில் இருப்பார். அதற்குள் அடுத்த லோடு வந்துவிடும். போன நடையில் விட்ட தூக்கத்தையும் வரப்போகிற நடைக்கான தூக்கத்தையும் அந்தப் பகலிலேயே தூங்கி முடிக்க வேண்டும்.

வீடு கட்டியபோது சுற்றிலும் ஓணான் ஓடுகிற சத்தம்தான். பிறகு பக்கத்துக் காட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வந்தது. வெறும் இன்ஜினும் சக்கரமுமாக வரும் வண்டிக்கு மரச்சட்டம் அடித்து, தகரம் வளைத்து, கேபின் கட்டி, பொட்டு வைத்து அனுப்புவார்கள். தகரம் தட்டுகிற இடம் எங்கள் வேலியை ஒட்டியே அமைந்துவிட்டது. அங்கே ஒரு புங்கமரம் நின்றதுதான் காரணம். நிழலில் தட்டினார்கள். வெயிலில் நின்று தட்டுங்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

"அதெல்லாம் பழகிப்போச்சு புள்ள. எனக்கு அந்தச் சத்தமே கேக்கறதில்ல" என்று அவர் சொல்வார். ஊரும் அதையேதான் சொன்னது. நாள் முழுக்க இன்ஜின்மேல் உட்கார்ந்து வருகிறவருக்குச் சம்மட்டிச் சத்தம் ஒரு சத்தமா என்று கேட்டார்கள். எனக்கும் முதலில் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாள் பகலில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றாகத் தூங்குவது போலத்தான் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்போது பட்டறையில் ஒரு அடி விழுந்தது. அவருடைய கால் கட்டைவிரல் துள்ளியது. அடுத்த அடிக்கு மறுபடி துள்ளியது. கொஞ்ச நேரம் தட்டாமல் இருந்தார்கள். விரல் சும்மா இருந்தது, ஆனால் இமைக்குள் கண் உருண்டுகொண்டே இருந்தது, அடுத்த அடிக்குக் காத்திருப்பதைப் போல. இன்ஜின் ஒரே சீராக ஓடும், அதில் தூங்கலாம். சம்மட்டி எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்? கடலையை அப்படியே வைத்துவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவர் குணமே மாறிப்போனது. கல்யாணமான நாளிலிருந்து குரல் உயர்த்தாதவர், குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளினார். பிடரி வலிக்கிறது என்று துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரு நாள் நடை முடிந்து வந்தவர், சாப்பிட்டுக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"ஆந்திராவத் தாண்டி வாரப்ப கண்ணு சித்த அசந்துட்டுது. வண்டி ரோட்ட உட்டு எறங்கிருச்சு. புளியமரத்துக்கு ஒரு மொழம் இருக்கறப்ப நின்னுச்சு. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து."

ரசம் ஊற்றினேன். பாதி தரையில் போனது.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் இருந்தார், நிதானமாகப் பேசுகிறவர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், முகம் சுளித்தார், இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். எங்கே தூங்குகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். இவர் பழகிவிட்டது என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து கட்டைவிரல் கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணை மூடிக்கலாம்மா, காதை மூட முடியாது. இவர் தூங்கினாலும் காது தூங்காது. ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு பதறி எழுந்திரிச்சு மறுபடி படுக்குது. காலையில கேட்டா நல்லாத் தூங்கினேன்னுதான் சொல்வார், அவருக்கே தெரியாது. அப்புறம் பிரஷர் ஏறாம என்ன செய்யும்? பிரஷருக்கு மாத்திரை எழுதித் தரேன். தூக்கத்துக்கு எழுத மாட்டேன். அந்த மயக்கத்தோட ஸ்டியரிங்ல உக்காந்தார்னா அது இதைவிடப் பெரிய ஆபத்து. அமைதியான இடமாப் பார்த்துப் படுக்கச் சொல்லுங்க."

அமைதியான இடம். சொல்வது சுலபம். என் பிறந்த வீட்டுக்கு அனுப்பலாம் என்று யோசித்தேன். அது எடப்பாடிப் பக்கம், சுவருக்குச் சுவர் விசைத்தறி. காட்டுக்குள் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டேன். அன்று பார்த்து அடுத்த காட்டுக்காரர் போர் போட ரிக் வண்டியை வரவழைத்திருந்தார். பாறையைத் துளைக்கிற சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகூட எழுந்து போய்விட்டது.

வேறு வழியில்லாமல் பட்டறைக்காரரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன், எனக்கும் பாரம் குறைந்திருக்கும். கையில் சுத்தியலோடு எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்ண்ணா, அவரு வந்திருக்கற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாத் தட்டக் கூடாதுங்களா?" என்றேன்.

"என்னுங்க அம்மிணி?"

திரும்பச் சொன்னேன். மறுபடியும் "என்னுங்க?" என்றார். வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்திச் சொன்னேன்.

"மெதுவாத் தட்டினா தகரம் வளையுமுங்களா? ஒரு லாரிக்காரர் தூங்கறதுக்காவ இன்னொரு லாரிக்காரர் பாடியில்லாம நிக்க முடியுமுங்களா, சொல்லுங்க?"

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன்.

அந்தச் சமயத்தில்தான் மாரியம்மன் கோயில் நோம்பி வந்தது. எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம். கோயில் வேப்பமரத்தில் ரேடியோக் குழாய் கட்டி விடிந்ததிலிருந்து பாட்டுப் போட்டார்கள். குழாயின் வாய் கிழக்கே பார்த்திருந்தது. கிழக்கே ஒருவர் புதிதாகக் கோழிப்பண்ணை வைத்திருந்தார். எங்கள் ஊருக்கே பண்ணைக்கோழி அப்போது புதுசு. பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, கொழாய அக்கட்டால திருப்புங்க. கோழி மிரண்டா நாளைக்கு முட்டை உழுவாது."

அவ்வளவுதான். கோயில்காரர்கள் ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. ஒருவர் மரத்தில் ஏறினார், இன்னொருவர் கீழே நின்று கயிறு பிடித்தார். "ஐயோ பாவம், வாயில்லாச் சீவன்" என்று ஒருவர் உச்சுக்கொட்டினார். குழாய் மேற்கே திரும்பியது. மேற்கே இருந்தது எங்கள் வீடு. உள்ளே அப்போதுதான் அசாமிலிருந்து வந்து படுத்தவர் இருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கோயிலுக்கே போய்விட்டேன்.

"கோழிக்குத் திருப்பினீங்கல்ல? எங்கூட்டுக்காரருக்கு ஒருக்காத் திருப்புங்க. அவரு நாலு நாளாக் கண்ணு மூடல."

ஒருவர் சிரித்தார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

"மனுசன் என்ன முட்டையா போடறான் அம்மிணி?"

நான் அங்கே அழுதிருப்பேன். அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்று வேகமாக வந்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அவர்கள் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. கோழி பயந்தால் மறுநாள் கூடையில் முட்டை குறையும், யாரும் பார்க்கலாம். மனுசன் தூங்காவிட்டால் அவன் குறைவது எந்தக் கூடையில் தெரியும்? தெரிகிற அன்றைக்கு லாரி புளியமரத்தில் இருக்கும்.

அதே வாரம் முட்டை வாங்கக் கோழிப்பண்ணைக்குப் போனேன். குஞ்சுகள் இருந்த கொட்டகைப் பக்கம் பேச்சே மெல்லத்தான். வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தது. நோய் வந்துவிடும் என்று வெளியாள் யாரையும் உள்ளே விடுவதில்லை. சுற்றிலும் சாக்குப் படுதா தொங்கியது. பண்ணைக்காரரே உள்ளே போகும் முன் தூணில் விரலால் லேசாகத் தட்டிவிட்டுத்தான் போனார். திடீரென்று சத்தம் கேட்டால் குஞ்செல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது நசுங்கிச் செத்துவிடுமாம். அந்தப் படுதா நிழலும் அமைதியும் உடம்பில் பட்டதும், நின்றபடியே எனக்குக் கொட்டாவி வந்தது.

கொட்டாவி முடிவதற்குள் யோசனை வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டுத்தரை சும்மா கிடந்தது. எருமைகளை விற்ற பிறகு அதில் விறகுதான் கிடந்தது. கனமான மண்சுவர், தாழ்ந்த ஓடு. விறகை வெளியே எறிந்து, சாணி போட்டு மெழுகி, சுற்றிலும் சாக்குப் படுதா தைத்துத் தொங்கவிட்டேன். வாசலில் சுண்ணாம்புத் தூள் கொட்டினேன். எங்கள் நாட்டுக்கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. தாயையும் குஞ்சுகளையும் ஒரு பெரிய கூடையால் கவிழ்த்து மூடி வாசல் படுதாவை ஒட்டி வைத்தேன். உள்ளே கயிற்றுக்கட்டிலைப் போட்டேன்.

பிறகு பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். இந்த முறை முதலிலேயே கத்திச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, கட்டுத்தரையில கோழிக்குஞ்சு உட்டிருக்கறமுங்க."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, முன்னமே சொல்றதில்லீங்களா? பச்சைக்குஞ்சு ஆச்சே, நசுங்கிப் போயிருமே!"

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எத்தனை குஞ்சு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மத்தியானத்துக்குள் புங்கமரத்தடி காலியானது. தகரம் தட்டுகிற மேடையைப் பட்டறையின் அந்தக் கோடிக்கு நகர்த்தி, மேலே ஓலைப் பந்தலும் போட்டுக்கொண்டார்கள். தகரத்துக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுத் தட்டினார்கள். தகரம் அப்போதும் வளைந்தது. கோயிலுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். குழாய் தெற்கே திரும்பியது. தெற்கே ஆளில்லாத பாறைக் கரடு.

அடுத்த நடை முடிந்து வந்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

"கோழிக்கொட்டாய்லயா என்னையப் படுக்கச் சொல்ற?"

"ஆமாங்க. இந்த ஊர்ல கோழிக்குத்தான் மரியாதை. சித்த நேரம் கோழியா இருந்துட்டு வாங்க."

முறைத்தார். சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் வெளியே வரவில்லை. நான் மெதுவாகப் படுதாவை விலக்கிப் பார்த்தேன். தூரத்தில் சம்மட்டிச் சத்தம் லேசாகக் கேட்டது. கட்டைவிரல் அசையவே இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அழுதேன். சந்தோஷத்தில் என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

வெயில் சாய எழுந்து வந்தார். களி உருண்டையைக் கீரைக் கடைசலில் தொட்டுத் தொட்டுத் தின்றார், இன்னொன்று கேட்டார். குளிக்கும்போது பாட்டு முனகினார். உப்பு கூடியிருந்ததை நான்தான் சொன்னேன், அவர் கவனிக்கவே இல்லை.

அதன் பிறகு எங்கள் கட்டுத்தரையில் எப்போதும் கோழிக்குஞ்சு இருந்தது. ஒரு கோழியின் குஞ்சு வளர்ந்து மேயப் போவதற்குள் இன்னொரு கோழியை அடைக்கு வைத்துவிடுவேன். ஊரே எங்கள் வேலி ஓரம் மெல்லப் பேசிப் போனது. அடுத்த முறை சேலத்தில் டாக்டர் காற்றடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இறங்கியிருக்கிறதே, மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்றார். "கோழிக்குஞ்சுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்து எனக்குத்தான் காற்றடிப்பார் போலிருந்தது.

எத்தனை நாளைக்கு? ஒரு நாள் பட்டறைக்காரர் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். துண்டுத் தகரத்தை வளைத்துக் குஞ்சுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று செய்திருந்தார், ஓரமெல்லாம் மடித்து, குஞ்சுக்குக் கீறாதபடி. நான் கிணற்றடியில் இருந்தேன். அவர் சுண்ணாம்புக்கு வெளியே நின்று குரல் கொடுத்திருக்கிறார். பதில் வரவில்லை. உள்ளே என் வீட்டுக்காரர் விட்ட குறட்டை எனக்குக் கிணற்றடி வரை கேட்டது. வாசலில் நின்ற பட்டறைக்காரருக்கு அது கேட்கவில்லை. படுதாவை விலக்கிவிட்டார்.

நான் ஓடி வருவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கூடைக்குள் ஒரு கோழி, கை நிறையக் குஞ்சு. கட்டிலில் நீட்டிப் படுத்த ஒரு லாரி டிரைவர். கையில் தொட்டியோடு அப்படியே நின்றார்.

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஆமாங்க, இவருக்காவத்தான் கோழிக்குஞ்சுன்னு சொன்னேன். மனுசன்னு சொன்னா நீங்கல்லாம் சிரிச்சீங்க. இவரு தூங்காமப் போயி எங்காவது மோதினாருன்னா அந்த முட்டைய யாருங்க எண்ணுவா?"

கத்தவில்லை. தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்று குரலை அடக்கித்தான் சொன்னேன். பட்டறைக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கேக்கலீங்க அம்மிணி. நீங்க மெதுவாப் பேசினா எனக்குக் கேக்காதுங்க. இருபது வயசுல சுத்தியலப் புடிச்சவன். ஆனா என்ன சொல்றீங்கன்னு தெரியுது." காதை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தார். "ராத்திரி பட்டறையப் பூட்டிட்டுப் போயிப் படுத்தா, காதுக்குள்ள தட்டிக்கிட்டேதான் இருக்குதுங்க. நெசத்துல சத்தமில்ல, எனக்கு மட்டுந்தான் கேக்குது. நல்லாத் தூங்கி எத்தன வருசமாச்சுன்னு எனக்கே தெரியலீங்க."

அன்றைக்குத் திரும்பத் திரும்ப "என்னுங்க?" என்று கேட்டவரை நடிப்பு என்று நினைத்தேனே. இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்கு மிக அருகில் இருந்தவர் அவர்தான்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சுவர், படுதா, நிழல், மல்லாந்து கிடக்கிற என் வீட்டுக்காரர், எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்குள்ள இன்னொரு கட்டிலு போட எடமிருக்குங்களா?"

மறுநாளே கட்டில் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையில் சுத்தியலைத் தொடக்கூடாது என்று அவரே சட்டம் போட்டார். முதலாளி தூங்குகிற நேரத்தில் யார் தட்டுவார்கள்? ஆட்களும் புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார்கள். வேலை கெடும் என்று பயந்தார், கெடவில்லை. அடி வாங்கிய விரலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூடக் குறைந்தார்கள் என்று பிறகு சொன்னார். காதில் தட்டுகிற சத்தம் அவரை முழுதாக விட்டுப் போகவில்லை. ஆனால் படுத்தால் கண் அயர்கிறது என்றார். வேலைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும் ஆரம்பித்தார், தன் ஆட்களையும் வைக்கச் சொன்னார். அடுத்த வருட நோம்பிக்கு நான் போய்க் கேட்கவே இல்லை. அவரே கோயிலுக்குப் போய், குழாயைக் கரட்டுப் பக்கம் திருப்பிக் கட்ட வைத்துவிட்டு வந்தார். கோழிக்கா என்று கேட்டார்களாம். "மனுசனுக்குங்க" என்றாராம். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டில் வந்த அன்று இரண்டு பேரும் மாறி மாறிக் குறட்டை விட்டதில் கோழி மிரண்டு கூடையோடு நகர்ந்துவிட்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் எழுந்து குளித்து, காக்கிச் சட்டையை மாட்டினார். கல்கத்தா லோடு, நீண்ட நடை. நான் கைவேலையை விட்டு வாசலுக்கு வருவதற்குள் அவரே என் முன்னால் வந்து குனிந்தார். தன் விரலாலேயே கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

"பாத்துக்க."

பார்த்தேன். துளிச் சிவப்பு இல்லை.

"போயிட்டு வாரேன் புள்ள."

"வாங்க" என்றேன். லாரி திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். பிறகு உள்ளே போய், தட்டு எடுத்து வைத்து, எனக்கு வேண்டிய மட்டும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.